ஆசிட் தொட்டி இல்லாமல் இரும்பின் செதிலை நீக்குவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சூடாக உருட்டிய தகடு, ஆங்கிள், சேனல், கம்பிச் சுருள் என எதை வாங்கினாலும் அதன் மேல் கருப்பும் நீலமும் கலந்த ஒரு தோல் இருக்கும். பட்டறைகளில் அதை மில் ஸ்கேல் என்பார்கள். உரிந்து வரும்போது மீன் செதிலைப் போலவே இருப்பதால் இங்கே செதில் என்றே எழுதுகிறேன். ஃபேப்ரிகேஷன், கம்பி இழுப்பு இரண்டிலும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்ததில், இந்தச் செதிலைப் பற்றி என்னிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன்.

செதிலும் துருவும் ஒன்றுதானா?

இரண்டும் இரும்பு ஆக்சைடுதான். ஆனால் பிறந்த விதம் வேறு, குணமும் வேறு. துரு ஈரத்தில் பிறக்கிறது. சிவந்து, பொருபொருவென்று, நீரைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. செதில் நெருப்பில் பிறக்கிறது. ஆயிரம் டிகிரியைத் தாண்டிய இரும்பு காற்றைத் தொட்ட நொடியிலிருந்து வளரத் தொடங்கி, கண்ணாடிபோல் கடினமாகவும் எளிதில் நொறுங்குவதாகவும் இருக்கும்.

செதிலுக்குள் மூன்று அடுக்குகள் உண்டு. இரும்பை ஒட்டி வூஸ்டைட், அதன் மேல் மேக்னடைட், வெளியே மிக மெல்லிதாக ஹெமடைட். உயர்ந்த வெப்பத்தில் ஏறக்குறைய 95 பங்கு வூஸ்டைட்தான். இந்த வூஸ்டைட் 570 டிகிரி செல்சியஸுக்கு மேல்தான் நிலையானது. மெதுவாக ஆறினால் அது மேக்னடைட்டாகவும் இரும்புத் துகளாகவும் பிரிந்து, அடி உலோகத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். வேகமாக ஆறினால் பிரிய நேரமில்லாமல் அப்படியே நின்றுவிடும். இந்த ஒரு விஷயத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கம்பி பற்றிய கேள்வியில் மறுபடி வரும்.

ஆசிட் இல்லாத முறைகளில் பெரும்பாலானவை நம்பியிருப்பது அந்த நொறுங்கும் குணத்தைத்தான். இரும்பு வளையும், நீளும். செதிலால் இரண்டும் முடியாது. அடித்தாலும் வளைத்தாலும் திடீரென்று சூடாக்கினாலும் இரும்பு தாங்கிக்கொள்ள, செதில் வெடித்து விழும்.

இறுக ஒட்டித்தானே இருக்கிறது? அதன் மேலேயே பெயின்ட் அடித்தால் என்ன?

புதிதாக வந்த தகட்டைப் பார்த்தால் யாருக்கும் இப்படித்தான் தோன்றும். வழவழப்பாக, நீலமாக, பூச்சு பூசியதுபோல் இருக்கும். செதில் முழுவதும் ஒரு விரிசல்கூட இல்லாமல் இருந்தால் அது இரும்பைக் காக்கவும் செய்யும். ஆனால் அப்படி ஒரு தகட்டை நான் பார்த்ததில்லை. வெட்டும்போதும் வளைக்கும்போதும் வெல்டிங் செய்யும்போதும், ஏன், லாரியிலிருந்து இறக்கும்போதுகூட அது விரிகிறது.

விரிந்த இடத்தில் ஈரம் புகுந்தால் செதிலும் இரும்பும் ஒரு பேட்டரியின் இரு முனைகளாகின்றன. செதில் ஒரு முனை, கரையும் மறுமுனை இரும்பு. செதில் பரந்து கிடக்க, விரிசல் ஊசிமுனை அளவே இருப்பதால் அரிப்பு முழுவதும் அந்தச் சிறு இடத்திலேயே குழி பறிக்கிறது. அடியில் துரு ஊதிப் பெருக்கும்போது, செதில் தன்மேல் இருக்கும் பெயின்ட்டையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்துவிடும்.

துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், வெளியில் நிற்கும் ஒரு தண்ணீர்த் தொட்டியின் தாங்கு சட்டத்துக்கு வயர் பிரஷ் போட்டு, ரெட் ஆக்சைடு அடித்து, மேலே இரண்டு கை எனாமல் கொடுத்து அனுப்பினோம். அடுத்த ஐப்பசி மழை முடிவதற்குள் உள்ளங்கை அகலத்துக்குப் பட்டை பட்டையாக உரிந்தது. உரிந்த பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் நீலச் செதில் பளபளவென்று இருந்தது. பெயின்ட் செதிலை விடவே இல்லை. செதில்தான் இரும்பை விட்டிருந்தது. பெயின்ட் கம்பெனியைக் குறை சொல்ல அதில் ஒன்றுமே இல்லை.

ஆசிட்டில் முக்கினால் அரை மணியில் வேலை முடிகிறதே, அதை ஏன் விட வேண்டும்?

வேலை முடிகிறது, உண்மைதான். தொட்டிக்குப் பக்கத்தில் நிற்கும் ஆளைப் பாருங்கள். ஆசிட் ஆவியிலேயே ஆண்டுக்கணக்கில் வேலை செய்பவர்களின் முன்பற்கள் தேய்ந்து கரைவது தொழில்சார் மருத்துவத்தில் நெடுநாளாக அறியப்பட்ட பாதிப்பு. கண், தொண்டை, நுரையீரல் எல்லாவற்றுக்கும் அது பகை. பட்டறைக்குள் இருக்கும் மோட்டாரும் கிரேனும் ஒயரும்கூட அந்த ஆவியில் அரித்துப்போகும்.

அடுத்தது கழிவு. செத்துப்போன ஆசிட், கழுவிய நீர், சுண்ணாம்பு போட்டபின் மிஞ்சும் சகதி ஆகியவற்றை 2016ஆம் ஆண்டின் அபாயகரக் கழிவு மேலாண்மை விதிகளின்படிதான் கையாள வேண்டும். ஊர் வாய்க்காலில் அதைத் திறந்துவிடுபவர்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த வாய்க்கால் தண்ணீரைத்தான் யாரோ வயலுக்குப் பாய்ச்சுகிறார்கள்.

மூன்றாவது காரணம் இரும்பின் உள்ளேயே இருக்கிறது. ஆசிட் இரும்பைத் தொடும்போது பிறக்கும் ஹைட்ரஜனில் ஒரு பகுதி உலோகத்துக்குள் ஊடுருவும். சாதாரண மென்மையான இரும்பு அதைப் பொறுத்துக்கொள்ளும். ஸ்பிரிங், 12.9 தர போல்ட் போன்ற உயர் வலிமைப் பொருள்கள் பாரம் ஏறியபின் முன்னறிவிப்பே இல்லாமல் பட்டென்று முறியலாம்.

புளி, எலுமிச்சை உப்பு, வினிகர் பயன்படுத்தினால் அது ஆசிட் இல்லாத முறைதானே?

இல்லை. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம், எலுமிச்சை உப்பு சிட்ரிக் அமிலம், வினிகர் அசிட்டிக் அமிலம். வீரியம் குறைவு, கையாள்வதும் அவ்வளவு ஆபத்தில்லை. ஆனாலும் அமிலம் அமிலம்தான். கடைகளில் துரு மாற்றி என்று விற்கும் திரவங்கள் பலவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும், லேபிளைப் படியுங்கள். அமிலமில்லாத நடுநிலைத் துரு நீக்கிகளும் உண்டு. துருவைக் கரைப்பதில் அவை கெட்டிக்காரத்தனமானவை, இறுகிய செதிலிடம் மிக மந்தம்.

பவர் வயர் பிரஷ் போட்டால் போதாதா?

போதாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. வயர் பிரஷ்ஷின் கம்பி செதிலைவிட மென்மையானது. தளர்ந்த செதிலைத் தட்டிவிடும். இறுகிய செதிலுக்கு மெருகேற்றிவிடும். மெருகேறிய செதில் வெள்ளிபோல் மின்னும். மேஸ்திரியும் ஏமாறுவார், வேலை கொடுத்தவரும் ஏமாறுவார்.

இதனால்தான் ஐஎஸ்ஓ 8501-1 தரத்தில் கைக்கருவி, பவர் கருவி ஆகியவற்றுக்கான எஸ்டி 2, எஸ்டி 3 என்ற நிலைகள் சரியாக ஒட்டாத செதிலை மட்டுமே நீக்கச் சொல்கின்றன. ஒட்டியிருப்பது நிற்கலாம் என்பதே அதன் பொருள். செதில் முழுவதும் போக வேண்டுமென்றால் பிளாஸ்டிங்குக்கான (குண்டையோ துகளையோ வேகமாக வீசி அடிக்கும் முறை) எஸ்ஏ 2½ அல்லது எஸ்ஏ 3 என்று ஆர்டரிலேயே எழுதுங்கள். எஸ்ஏ 2½ என்றால் புள்ளியாகவோ கோடாகவோ லேசான கறை மட்டும் மிஞ்சலாம். எஸ்ஏ 3 என்றால் முழுவதும் ஒரே உலோக நிறம்.

சின்னப் பட்டறை, கிரைண்டர் மட்டும்தான் இருக்கிறது. என்ன செய்வது?

வெல்டிங் போடும் விளிம்பில் இருபுறமும் ஓர் அங்குல அகலத்துக்குச் செதிலை எடுத்தாலே பாதித் தொல்லை தீரும். செதிலின் மேல் மிக் வெல்டிங் போட்டால் வெல்டிங் கோட்டில் கண்ணாடித் தீவுகள் மிதக்கும், ஊசித்துளை விழும்.

ஃபிளாப் டிஸ்க் போட்டால், செதில் மிகக் கடினமானது என்பதால் டிஸ்க்கின் முனை சீக்கிரம் மழுங்கிப் பளபளப்பாகிவிடும். அதன்பின் எவ்வளவு அழுத்தினாலும் சூடுதான் வரும். தகட்டைப் படுக்கையாகத் தேய்க்காமல் டிஸ்க்கின் விளிம்பைச் சற்றே சாய்த்துச் செதிலை உடைத்து, பிறகு பரப்பைத் தேய்த்தால் டிஸ்க் நீண்ட நேரம் உழைக்கும். பாதுகாப்பு மூடியைக் கழற்றிவிட்டு 4 அங்குல மிஷினில் 5 அங்குல டிஸ்க் மாட்டும் பழக்கத்தை மட்டும் இன்றே நிறுத்துங்கள். சின்ன மிஷினின் சுழற்சி அதிகம். பெரிய டிஸ்க் அந்த வேகத்துக்குச் செய்யப்பட்டதல்ல, வெடிக்கும். உடைந்த துண்டு முகத்துக்குத்தான் வரும்.

ஷாட் பிளாஸ்டிங்தான் சிறந்ததா?

கட்டமைப்பு வேலைக்கு, அதாவது தூண், உத்தரம், பாய்லர் தாங்கு சட்டம், டேங்க் ஆகியவற்றுக்கு, என் கணிப்பில் ஆம். சுழலும் சக்கரம் எஃகுக் குண்டுகளை நொடிக்கு 60 முதல் 80 மீட்டர் வேகத்தில் வீசுகிறது. செதில் தூளாகிறது, குண்டு திரும்ப எடுத்துக்கொள்ளப்படுகிறது, தூசி பைகளில் பிடிபடுகிறது. மூடிய அறைக்குள் நடப்பதால் ஆளுக்கும் பாதுகாப்பு.

குண்டு வேறு, கிரிட் வேறு என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். ஷாட் உருண்டையானது, சுத்தியலால் தட்டுவதுபோல் செதிலை நொறுக்கும், பரப்பில் வட்டக்குழி விடும். கிரிட் முனையுள்ளது, உளிபோல் கொத்தும், பெயின்ட் பிடித்துக்கொள்ளக் கூர்மையான மேடுபள்ளம் தரும். பெயின்ட்டுக்குப் பொதுவாக 40 முதல் 75 மைக்ரான் ஆழம் கேட்பார்கள். ஷாட்டும் கிரிட்டும் கலந்து ஓட்டுகிற பட்டறைகள் நிறைய உண்டு, அது நல்ல வழக்கமே. புது ஷாட்டை மட்டும் ஒரேயடியாக நிரப்பினால் ஆழம் தாறுமாறாகும். தேய்ந்த சிறு குண்டுகளும் இடையில் கலந்திருந்தால்தான் மூலைமுடுக்கெல்லாம் படும்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். 3 மி.மீ.க்குக் கீழான தகடு அப்பளம்போல் வளைந்துவிடும். ஆழ்ந்த மூலைகள், குழாயின் உட்புறம் ஆகியவற்றைச் சக்கரத்தால் எட்ட முடியாது. அங்கே காற்றழுத்தக் குழாய்தான் வேண்டும், நாசிலில் ஏறக்குறைய 7 பார் அழுத்தத்தோடு. காம்ப்ரசரில் 7 பார் காட்டி, நீண்ட ஹோஸின் முனையில் 4 பார் வந்தால் செதில் சிரிக்கும். எண்ணெயும் கிரீஸும் படிந்த தகட்டை அப்படியே உள்ளே விட்டால் மொத்தக் குண்டுகளும் எண்ணெய் பூசிக்கொண்டு, பிறகு வரும் நல்ல தகட்டையும் கெடுக்கும். முதலில் எண்ணெயைத் துடைத்தெடுக்க வேண்டும்.

ஆற்று மணலை வைத்து பிளாஸ்டிங் செய்தால் மலிவாயிற்றே?

தயவுசெய்து செய்யாதீர்கள். ஆசிட்டை விட்டுவிட்டு மணலுக்கு வருவது ஒரு நஞ்சிலிருந்து இன்னொரு நஞ்சுக்குப் போவது. மணலில் இருக்கும் குவார்ட்ஸ் மோதி உடையும்போது கண்ணுக்குத் தெரியாத நுண்தூளாகிறது. அது நுரையீரலின் அடிவரை போய்த் தழும்பு உண்டாக்குகிறது. சிலிகோசிஸ் என்ற அந்த நோய்க்கு மருந்து கிடையாது. வேலையை விட்ட பிறகும் அது வளரும். பிரிட்டன் 1949ஆம் ஆண்டு விதிகளிலேயே மணல் பிளாஸ்டிங்குக்குத் தடை போட்டது. இந்தியாவிலும் பிளாஸ்டிங் அபாயகரமான தொழிலாகவே கருதப்படுகிறது.

முகத்தில் துண்டு கட்டிக்கொண்டால் போதும் என்று இளைஞர்கள் நினைக்கிறார்கள். அந்த நுண்தூளுக்குத் துண்டு ஒரு திறந்த கதவு. எம்-சாண்டும் கருங்கல்லை உடைத்ததுதான், அதிலும் குவார்ட்ஸ் உண்டு. எஃகுக் கிரிட், கார்னெட், அலுமினியம் ஆக்சைடு ஆகியவற்றில் ஒன்றைப் பயன்படுத்துங்கள். தூத்துக்குடி முதல் கன்னியாகுமரி வரையிலான கடற்கரையின் சிவந்த மணலில் இருப்பது கார்னெட்தான். ஆனால் 2013இல் தமிழக அரசு தாதுமணல் எடுப்பதை நிறுத்தியதிலிருந்து, எங்கிருந்து வந்த சரக்கு என்று கேட்டு, பில்லோடு வாங்குவதே முறை. எதை வைத்து அடித்தாலும் அடிப்பவருக்கு வெளிக்காற்று குழாய் வழியாக வரும் தலைக்கவசம் கட்டாயம். உடைவது செதிலானாலும் தூசி தூசிதான்.

கம்பி இழுக்கும் தொழிலுக்கு ஆசிட் இல்லாமல் முடியுமா?

முடியும். என் மனதுக்கு மிக நெருக்கமான முறை இதுதான், ஏனென்றால் இதில் மின்சாரச் செலவுகூடத் தனியாகப் பெரிதாக இல்லை. கம்பியை இழுக்கும் அதே விசையே செதிலையும் உடைக்கிறது.

கம்பி உருளைகளுக்கிடையே வளைந்து நெளிந்து போகிறது. வளையும்போது வெளிப்பக்கம் நீள்கிறது, உட்பக்கம் சுருங்குகிறது. எவ்வளவு நீள்கிறது என்பதற்கு எளிய கணக்கு உண்டு: கம்பியின் விட்டத்தை, உருளை விட்டமும் கம்பி விட்டமும் சேர்ந்த தொகையால் வகுக்க வேண்டும். 5.5 மி.மீ. கம்பி 63 மி.மீ. உருளையைச் சுற்றினால் 5.5 ÷ 68.5, அதாவது 8 சதவீதம். செதில் நன்றாக உதிர 6 முதல் 8 சதவீதம் தேவை. அதே கம்பியை 100 மி.மீ. உருளையில் விட்டால் 5.2 சதவீதம்தான்; செதில் பாதி நிற்கும். மாறாக, 8 மி.மீ. கம்பியை அதே 63 மி.மீ. உருளையில் விட்டால் 11 சதவீதத்தைத் தாண்டும். கம்பி வீணாக இறுகி, டையில் (கம்பியை இழுத்து மெலிதாக்கும் துளையுள்ள அச்சு) அறுந்துகொண்டே இருக்கும். ஆகவே கம்பியின் அளவு மாறினால் உருளையும் மாற வேண்டும். எல்லா அளவுக்கும் ஒரே உருளை போட்டுவிட்டு, இந்த முறையே சரியில்லை என்று சொல்பவர்களைப் பார்த்தால் வருத்தமாக இருக்கிறது. கம்பி உருளையை நன்றாகத் தழுவிப் போகவும் வேண்டும். லேசாகத் தொட்டுவிட்டுப் போனால் இந்தக் கணக்கு பொருந்தாது.

ஒரே தளத்தில் மட்டும் வளைத்தால் போதாது. மேலும் கீழும் வளையும் கம்பியின் இரு பக்கவாட்டுகளில் நீட்சியே இருக்காது. அங்கே செதில் கோடாக நிற்கும். அதனால்தான் இரண்டாவது உருளைத் தொகுதியை முதலாவதற்குச் செங்குத்தாக வைக்கிறார்கள். அதன் பிறகும் மாவுபோல் நுண்தூள் ஒட்டியிருக்கும். பிரஷ், எஃகு நூல், உப்புத்தாள் பெல்ட், காற்று ஊதல் என்று ஏதாவது ஒன்றால் அதைத் துடைக்காமல் டைக்கு அனுப்பினால், சேமித்த ஆசிட் காசு டை வாங்கவே போய்விடும்.

இன்னொரு வித்தியாசமும் உண்டு. ஆசிட்டில் கழுவிய கம்பிக்குச் சுண்ணாம்போ பாஸ்பேட்டோ பூசுவார்கள். வழுக்குவதற்குப் போடும் சோப்புத் தூளை டைக்குள் இழுத்துச் செல்வது அந்தப் பூச்சுதான். உருளையில் உரித்த கம்பியில் அது இல்லை. போராக்ஸ் கரைசலில் முக்கி உலர்த்தலாம், அல்லது முதல் டைக்கு அதற்கென்றே உள்ள தூளைக் கேட்டு வாங்கலாம். பழைய தூளையே போட்டுவிட்டுக் கம்பி கீறுகிறது என்று புகார் சொல்வதில் பயனில்லை.

ஒரே கிரேடு கம்பிதான். ஒரு லாரிச் சரக்கு எளிதில் உரிகிறது, அடுத்த லாரி அடம்பிடிக்கிறதே?

முன்பு சொன்ன 570 டிகிரியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஆலையில் கம்பி வளையங்களை எந்த வெப்பத்தில் விரிக்கிறார்கள், எவ்வளவு வேகமாக ஆற்றுகிறார்கள் என்பதைப் பொறுத்துச் செதில் மாறும். வூஸ்டைட் மிகுந்த சற்றுத் தடித்த செதில் பெரிய சில்லுகளாக உதிரும். மெல்லிய, மேக்னடைட் மிகுந்த செதில் கம்பியோடு சேர்ந்தே வளையும். தடித்த செதில் என்றால் கூடுதல் இரும்பு வீண் என்று தோன்றும். உருளையில் உரிக்கப்போகிறவருக்கு அதுதான் நல்ல சரக்கு. வாங்கும்போதே இயந்திர முறையில் உரிக்கப்போகிறோம் என்று ஆலையிடம் சொல்லிவிடுங்கள்.

இன்னொரு காரணம் நம் முற்றத்திலேயே இருக்கிறது. கம்பிச் சுருளை மழையில் போட்டால் செதிலுக்கடியில் துரு பிடிக்கும். துரு செதிலைப்போல் சில்லுகளாக உடையாது, அதனால் உருளையால் அதை உரிக்க முடியாது. ஆசிட் தொட்டி எல்லாக் குற்றத்தையும் மன்னித்துவிடும், உருளை மன்னிக்காது. கூரை போடுங்கள்.

மெல்லிய தகட்டுச் சுருளுக்கு என்ன வழி?

அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில் ரெட் பட் என்ற ஊரிலுள்ள தி மெட்டீரியல் வொர்க்ஸ் நிறுவனம், எஃகுக் கிரிட்டை நீரில் கலந்து அந்தக் குழம்பைச் சுழல் சக்கரங்களால் தகட்டின் இரு பக்கமும் வீசும் முறையை உருவாக்கியது. இபிஎஸ் என்பது அதன் பெயர். நீர் தூசியை அடக்குகிறது, கழிவைக் கழுவிக்கொண்டும் போகிறது. இரு பக்கமும் ஒரே நேரத்தில் அடி விழுவதால் தகடும் வளைவதில்லை.

இவை பெரிய லைன்கள். ஊர்ப் பட்டறையில் வைக்க முடியாது. சின்னப் பட்டறைக்காரருக்கு என் நேர்மையான பதில்: மெல்லிய தகடு வேண்டுமென்றால் ஆலையிலேயே பிக்ளிங் செய்து, அதாவது ஆசிட்டில் செதில் நீக்கி, எண்ணெய் பூசிய எச்ஆர்பிஓ தகட்டை வாங்குங்கள். அங்கேயும் ஆசிட்தான். ஆனால் பெரிய ஆலைகளில் ஆசிட்டை மீட்டெடுக்கும் பிரிவு இருக்கும். மூடிய தொட்டி, ஆவி உறிஞ்சி எல்லாம் இருக்கும். உங்கள் கொட்டகையில் ஒரு பிளாஸ்டிக் டிரம்மில் செய்வதைவிட அது எவ்வளவோ மேல்.

பிரஷர் வாஷர், டிரை ஐஸ் ஆகியவை வேலை செய்யுமா?

ஆறிய செதிலிடம் செய்யாது. டிரை ஐஸ் மிக மென்மையானது. எண்ணெய்ப் பிசுக்குக்கு நல்லது, அவ்வளவே. சூடான இரும்பில் கதை வேறு. உருட்டாலைகளில் பழுக்கச் சிவந்த பாளத்தின் மேல் 150, 200 பார் அழுத்தத்தில் நீரைப் பீச்சுகிறார்கள். செதில் சட்டென்று குளிர்ந்து சுருங்கி வெடிக்கிறது, விரிசலில் புகுந்த நீர் ஆவியாகி அதைத் தூக்கி எறிகிறது. கொல்லர் பழுத்த இரும்பைச் சம்மட்டியால் அடிக்கும்போது செதில் தெறிப்பதைப் பார்த்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தீ வைத்து உரிப்பது?

ஆக்சிஅசெட்டிலின் அகலச் சுடரைத் தகட்டின் மேல் ஓட்டினால் செதில் இரும்பைவிட முந்திச் சூடாகி உரியும். சூடு ஆறுமுன் பிரஷ் போட வேண்டும். கனத்த தகட்டுக்கு மட்டும். 5 மி.மீ.க்குக் கீழே போனால் கோணிவிடும். எண்ணெய், பழைய பெயின்ட் இருக்கும் இடத்தில் வேண்டவே வேண்டாம்.

லேசர் கிளீனிங் விளம்பரங்கள் நிறைய வருகின்றன. வாங்கலாமா?

வெல்டிங் விளிம்பு, அச்சு, சிறு இயந்திரப் பாகம் ஆகியவற்றுக்கு அருமையான கருவி. குண்டு இல்லை, மணல் இல்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டுவது பெரும்பாலும் சிவப்புத் துருவை. இறுகிய நீலச் செதிலின் மேல் ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள், வேகம் எவ்வளவு குறைகிறது என்பது தெரியும். வாங்குமுன் உங்கள் தகட்டையே எடுத்துக்கொண்டு போங்கள். பெயின்ட்டுக்குத் தேவையான மேடுபள்ளத்தையும் அது பிளாஸ்டிங் அளவுக்குத் தராது.

இதன் ஒளி கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு. தகட்டில் பட்டுத் திரும்பும் ஒளியே விழித்திரையைச் சுட்டுவிடும், சுடும்போது வலிகூடத் தெரியாது. அந்த அலைநீளத்துக்கென்றே செய்த கண்ணாடி அணிய வேண்டும்; வெல்டிங் கண்ணாடி அதற்கு மாற்றல்ல. பக்கத்தில் நிற்பவருக்கும், டீ கொண்டு வரும் பையனுக்கும் இது பொருந்தும். புகையை உறிஞ்சும் குழாயும் வேண்டும்.

சலவை சோடா கரைசலில் மின்சாரம் பாய்ச்சி எடுக்கலாமா?

துருவேறிய பழைய கருவிகள், பூட்டு, தையல் மிஷின் பாகங்கள் ஆகியவற்றுக்கு நல்ல வழி. பேட்டரி சார்ஜரின் எதிர்முனையைப் பொருளிலும், நேர்முனையை வேறொரு இரும்புத் துண்டிலும் இணைத்து, சலவை சோடா கரைத்த நீரில் விடுவார்கள். செதிலை இது மெதுவாகவே தளர்த்தும். புதுத் தகட்டுக்கு இதை நம்ப வேண்டாம்.

மூன்று எச்சரிக்கைகள். நேர்முனைக்கு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் போடாதீர்கள், அறுமதிப்புக் குரோமியம் என்ற நஞ்சு நீரில் கலக்கும். சோடாவுக்குப் பதில் சமையல் உப்பு போடாதீர்கள், குளோரின் வாயு வரும். பொருளின் மேல் எழும் குமிழி ஹைட்ரஜன். மூடிய அறையில் தீப்பொறி பட்டால் வெடிக்கும், உயர் வலிமை ஸ்பிரிங்குக்குள் புகுந்தால் ஆசிட் செய்த அதே கேட்டைச் செய்யும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கும் இதே முறைகளா?

கவனமாக இருங்கள். சாதாரண எஃகுக் குண்டால் அடித்தால் இரும்புத் துகள் பதிந்து, ஸ்டெயின்லெஸ்ஸே துருப்பிடித்ததுபோல் சிவக்கும். கண்ணாடி மணியோ ஸ்டெயின்லெஸ் குண்டோதான் போட வேண்டும். அதற்கும் மேலே ஒரு சிக்கல்: சூட்டில் செதில் வளரும்போது அடியிலுள்ள மெல்லிய படலத்திலிருந்து குரோமியத்தை எடுத்துக்கொள்கிறது. செதிலை அடித்து எடுத்தாலும் குரோமியம் குறைந்த அந்தத் தோல் அங்கேயே நிற்கும். அதையும் தேய்த்து எடுக்க வேண்டும், அல்லது இங்கே ஆசிட்டின் தேவையை ஒப்புக்கொள்ள வேண்டும். உணவு, மருந்துத் தொழிற்சாலைக் குழாய்களில் இதை அலட்சியம் செய்யக் கூடாது.

கால்வனைசிங்குக்கு அனுப்பும் பொருளை பிளாஸ்டிங் செய்து கொடுத்தால் ஆசிட் வேண்டாமா?

ஆசிட் நேரம் வெகுவாகக் குறையும். முழுவதும் தவிர்ப்பது கடினம். துத்தநாகத்தில் முக்குமுன் லேசாக ஒரு முறை ஆசிட்டில் முக்கியெடுப்பது பல இடங்களில் வழக்கம். பிளாஸ்டிங் செய்த சொரசொரப்பில் துத்தநாகம் தடித்துப் படியும், அது கனத்த பூச்சு கேட்பவர்களுக்கு லாபம்.

செதில் முழுவதும் போய்விட்டதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

கண்ணை மட்டும் நம்பாதீர்கள். மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட், சிறிது நீரில் கரைத்து ஒரு மாதிரித் துண்டில் தடவுங்கள். வெறும் இரும்பு உடனே செம்பு நிறமாகும்; செதில் நிற்கும் இடம் கருப்பாகவே இருக்கும். மெருகேறிய செதிலை நல்ல இரும்பென்று வாதாடியவர்களிடம் ஒரு சொட்டு விட்டுக் காட்டினால் வாதம் அங்கேயே முடியும். சோதித்த இடத்தைத் தேய்த்துச் செம்பை எடுத்துவிட வேண்டும், இல்லையென்றால் அங்கிருந்தே துரு தொடங்கும்.

சுத்தம் செய்த பிறகு எவ்வளவு நேரத்துக்குள் பிரைமர் அடிக்க வேண்டும்?

நான்கு மணி நேரத்துக்குள் என்பது பொதுவான நடைமுறை. கடலோரத்திலும் மழைக்காலத்திலும் அதைவிடச் சீக்கிரம். தகட்டின் வெப்பம் பனிநிலையைவிட (காற்றின் ஈரம் நீராகப் படியத் தொடங்கும் வெப்பம்) குறைந்தது 3 டிகிரி கூடுதலாக இருக்க வேண்டும். விடியற்காலையில் தகட்டைத் தொட்டால் கையில் ஈரம் ஒட்டும், அப்போது பிரைமர் அடிக்காதீர்கள். வெறுங்கையாலும் தொடாதீர்கள், வியர்வையின் உப்பு விரல்ரேகை வடிவிலேயே துருவாக எழுந்து நிற்கும்.

புது இரும்புத் தோசைக்கல்லின் சாம்பல் நிறப் படலமும் இதுதானா?

சூடாக உருட்டிய தகட்டில் வெட்டிய கல்லாக இருந்தால் பெரும்பாலும் செதில்தான். நச்சல்ல, ஆனால் எண்ணெய் பிடிக்காமல் தோசை ஒட்டும், பிறகு சில்லு பெயரும். கடையிலேயே தேய்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். வீட்டில் என்றால் உப்புத்தாளால் தேய்க்கலாம், பொறுமை வேண்டும். புளித்த கஞ்சியில் ஊறவைக்கும் பாட்டிகளின் முறையும் வேலை செய்யும். அதில் வேலை செய்வது லாக்டிக் அமிலம். வீட்டுக்கு அது போதுமான, ஆபத்தில்லாத அமிலம்.

உதிர்ந்த செதிலை என்ன செய்வது?

குப்பையில் கொட்டாதீர்கள். அதில் ஏறக்குறைய 70 சதவீதம் இரும்பு. எண்ணெய் கலக்காத உலர்ந்த செதிலை இரும்பு ஆலைகளும் சிமென்ட் ஆலைகளும் மூலப்பொருளாக எடுத்துக்கொள்கின்றன. கம்பி உருளைகளுக்கு அடியில் விழும் செதில்தான் இருப்பதிலேயே சுத்தமானது. அதற்கென்று தனி டிரம் வையுங்கள். பிளாஸ்டிங் தூசியை அதோடு கலக்காதீர்கள். பழைய பெயின்ட் மேல் அடித்த தூசி என்றால் அதில் ஈயம் இருக்கலாம், அதைத் தனியாகக் கட்டி, அபாயகரக் கழிவு எடுக்கும் உரிமம் பெற்றவரிடம்தான் கொடுக்க வேண்டும்.